வளைபவரைக் காப்பது யார்?

 

ஒரு பொருளைச் செய்பவர், அது உடைய வேண்டும் என்று எண்ணிச் செய்வாரா? குயவர் பானையைத் தட்டிப் பார்த்தே தருகிறார். தச்சர் கட்டிலின் காலை ஆட்டிப் பார்த்தே ஒப்படைக்கிறார். உறுதியே நல்ல பொருளின் முதல் இலக்கணம் என்று நாமும் நம்புகிறோம். எனினும், மோதல் நேர்ந்தால் தான் முதலில் வளைய வேண்டும், வேறு வழியில்லையேல் தான் முதலில் ஒடிய வேண்டும் என்று கணக்கிட்டு வைக்கப்படும் பொருள்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். 'ட்ரயல்ஸ்' எனப்படும் பாறை ஓட்டப் போட்டிக்குரிய மோட்டார் சைக்கிளின் கியர் லீவர்தான் அது. 'மோட்டார் சைக்கிளுக்கும் இந்தப் பக்கத்திற்கும் என்ன உறவு?' என்று இல்லத்தரசிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேச்சு சென்று முடியும் இடம் நம் வீட்டுக் கூடமும் அடுப்பங்கரையும்தான்.

'ட்ரயல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சோதனை என்பது பொருள். மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், அது நம்பி ஏறத்தக்க வாகனந்தானா என்பதை மக்களுக்கு மெய்ப்பிப்பதற்காகக் கரடுமுரடான மலைப்பாதைகளில் அதனை ஓட்டிக் காட்டினர். அந்தச் சோதனை ஓட்டங்களே நாளடைவில் தனியொரு விளையாட்டாக வளர்ந்தன. ஸ்காட்லாந்தில் 1909 ஆம் ஆண்டு தொடங்கிய ஆறு நாள் போட்டி, பென் நெவிஸ் மலையடிவாரத்தில் உள்ள ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊரை மையமாகக் கொண்டு இன்றும் மே மாதத்தில் நடத்தப்படுகிறது.

இவ்விளையாட்டில் வேகத்துக்கு மதிப்பு இல்லை என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஓடைப் பாறைகள், பாசி படர்ந்த சரிவுகள், மரவேர்கள் பின்னிக் கிடக்கும் செங்குத்து மேடுகள் ஆகியவற்றில் சிறு சிறு பகுதிகளாக எல்லை குறித்து வைப்பார்கள். ஓட்டுபவர் கால் தரையில் படாமல் அப்பகுதியைக் கடக்க வேண்டும். நடுவர் அருகிலேயே நின்று கவனிப்பார். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, கடக்க முடியாமல் விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. புள்ளி என்பது இங்கே பரிசு அன்று, தண்டம். யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவரே வெற்றியாளர். ஸ்பெயின் நாட்டின் டோனி போ என்பவர் 2007 முதல் 2024 வரை ஓராண்டும் தவறாமல் இவ்விளையாட்டின் உலகப் பட்டத்தை வென்றிருக்கிறார். அவருடைய புகழுக்குக் காரணம் விரைவு அன்று, நிதானமும் சமநிலையுமே.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியும் அன்று. நம் ஊர்த் தெருக்களில் 'டப் டப்' என்று ஒலியெழுப்பிச் செல்லும் புல்லட், இந்தப் பாறைகளில் தேறி வந்த வண்டிதான். அதன் முன்மாதிரிகள் 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பை ட்ரயல் போட்டியில் ஓட்டிக் காட்டப்பட்டன. 1952 ஆம் ஆண்டு ஜானி பிரிட்டன் என்பவர் அதே புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை வென்றார். அதன் பின்னரே, 1955 ஆம் ஆண்டில், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அவ்வண்டிக்கான தொழில் வேரூன்றியது.

இக்காலத்து ட்ரயல்ஸ் வண்டி புல்லட்டைப் போல் கனமானது அன்று. ஏறத்தாழ 70 கிலோ எடைதான் இருக்கும். அமர்வதற்கு இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று இராது. நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். எஞ்சினின் அடிப்பாகத்தைப் பாறை தாக்காதவாறு கனத்த தகடு ஒன்று அடியில் பொருத்தப்பட்டிருக்கும். இவ்வளவு பாதுகாப்பும் செய்துவிட்டு, கியர் லீவரை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பார்கள். காலால் தொட்டுக் கியர் மாற்ற வேண்டும் என்பதால் அதனை உள்ளே மறைத்து வைக்க இயலாது. சாதாரண வண்டிகளில் அது கால்மிதிக்கு அருகிலேயே இருக்கும். ட்ரயல்ஸ் வண்டியிலோ, உடலை வளைத்துத் திருப்பும்போது கால் தவறிப் பட்டு கியர் மாறிவிடக் கூடாது என்பதற்காக, சற்றுத் தள்ளி முன்னே வைக்கப்பட்டிருக்கும். வண்டி இரு பாறைகளுக்கிடையே நுழைந்தாலும், பக்கவாட்டில் சாய்ந்தாலும் அடி வாங்குவோர் வரிசையில் அந்த லீவரும் முன்னால் நிற்கும்.

அடி விழுந்தால் என்ன ஆகும்? இதனைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பைச் சற்றே பார்ப்போம். எஞ்சினுக்குள்ளிருந்து ஓர் எஃகுத் தண்டு வெளியே நீண்டிருக்கும். அதன் முனையைச் சுற்றிலும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் அலுமினியத்தால் ஆன லீவரை அந்தப் பற்களின் மேல் செருகி, ஒரே ஒரு போல்ட்டினால் இறுக்கியிருப்பார்கள். கால் படும் முனையில் ஸ்பிரிங் வைத்த மடிப்பு ஒன்று இருக்கும். சிறிய அடியாக இருந்தால் அம்முனை மடங்கி, கல்லை விட்டு விலகியதும் ஸ்பிரிங்கின் விசையால் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அடி பெரியதாக இருந்தால் லீவரே வளையும். அதனினும் பெரியதாக இருந்தால் ஒடியும்.

ஒடிந்த நொடியில் வண்டி எந்தக் கியரில் இருந்ததோ அந்தக் கியரிலேயே நின்றுவிடும். எஞ்சின் ஓடும், கிளட்ச் வேலை செய்யும், ஆனால் கியர் மாறாது. முதல் கியரில் நின்றுவிட்டால் மலையிலிருந்து ஊர் வரை எஞ்சின் அலற, ஆமை வேகத்தில் வர வேண்டியதுதான். அனுபவசாலிகள் கடித்துப் பிடித்து நிற்கும் பூட்டுக் குறடு ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். அதனை எஃகுத் தண்டின் முனையில் கவ்வ வைத்து, அதையே லீவராகப் பயன்படுத்தி ஊர் வந்து சேர்வார்கள்.

'இத்தனை துன்பம் எதற்கு? ஒடியாத கனத்த எஃகில் லீவர் செய்துவிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பாறையில் மோதிய விசை எங்கேயாவது சென்று சேர்ந்தாக வேண்டும். லீவர் அசையாமல் நின்றால் அந்த விசை அடுத்திருக்கும் எஃகுத் தண்டைச் சேரும். தண்டு வளைந்தால் அதைச் சுற்றியுள்ள எண்ணெய் அடைப்பான் கெட்டு, எண்ணெய் கசியத் தொடங்கும். இன்னும் உள்ளே சென்றால் எஞ்சினின் உறை விரிசல் கண்டுவிடும். பல வண்டிகளில் இதனைச் சரிசெய்ய எஞ்சினையே கழற்றிப் பிரிக்க வேண்டியிருக்கும். லீவரை மாற்றுவதோ, ஒரு போல்ட்டைத் தளர்த்தி இறுக்குகிற வேலை. பெரியது பிழைப்பதற்காகச் சிறியது தன்னை விட்டுக்கொடுக்கிறது.

நம் வீட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. மின்சாரப் பெட்டியில் உள்ள ஃபியூஸ் கம்பி தான் எரிந்து வீட்டைக் காக்கிறது. அது அடிக்கடி போகிறதே என்று சலித்து, அவ்விடத்தில் கனத்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர் வீட்டுக்கே தீ வைக்கிறார். பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வும் அப்படியே. ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் மிகும்போது அது திறந்துகொள்வதால்தான் பாத்திரம் வெடிக்காமல் இருக்கிறது.

இதுவரை படித்தவுடன் உங்களில் பலருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய இளம் பயிர் உவமை நினைவுக்கு வந்திருக்கும். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற நபிமொழி அது. இறைநம்பிக்கையாளர் காற்றில் சாயும் இளம் பயிரைப் போன்றவர் என்றும், நயவஞ்சகன் அசையாது நின்று ஒரே வீச்சில் வேரோடு சாயும் தேவதாரு மரத்தைப் போன்றவன் என்றும் அண்ணலார் விளக்கினார்கள். சோதனை வரும்போது வளைந்து கொடுப்பது இழிவு அன்று. அது ஈமானின் அடையாளம். இக்கருத்தை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த உவமையில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உள்ளது. பயிர் சாய்வதோடு உவமை முடியவில்லை. காற்று ஓய்ந்ததும் அது நிமிர்கிறது. நிமிர்வதற்குக் காற்று ஓய வேண்டும் அல்லவா? ஓயாமல் ஒரே பக்கம் அடித்துக்கொண்டிருக்கும் காற்றில் எந்தப் பயிர் நிமிரும்?

இங்கேதான் அந்த அலுமினிய லீவர் நமக்கு இரண்டாவது பாடத்தைச் சொல்கிறது. வளைந்த லீவரை நிமிர்த்திவிடலாம். ஒருமுறை நிமிர்த்தினால் பெரும்பாலும் தாங்கும். மறுமுறை வளைந்து, மறுமுறை நிமிர்த்தினால், வளைந்த அதே இடத்தில் உலோகம் இறுகிப் போய், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். ஒரு கம்பியை ஒடிக்கக் கருவி இல்லாதபோது நாம் என்ன செய்கிறோம்? கையால் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி வளைக்கிறோம். அதே நியதிதான். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட அழுத்தம் எத்தனை முறை வந்தாலும் அது பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்திற்கு அவ்வாறு தெளிவான எல்லை கிடையாது. சிறிய சிறிய அழுத்தங்களும் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இறுதியில் அது ஒடியும்போது, பெரிய அடி எதுவும் விழுந்திராது. ஒரு காலின் மெல்லிய தொடுகையே போதுமானதாக இருக்கும்.

பட்டறைக்காரர்கள் அறிந்த இன்னொரு செய்தியும் உண்டு. இரும்பைச் சூடேற்றினால் அது சிவந்து காட்டும். 'போதும்' என்று நமக்குச் சொல்லும். அலுமினியம் பகல் வெளிச்சத்தில் நிறம் மாறிக் காட்டுவதில்லை. ஏறத்தாழ 660 டிகிரியில் அது உருகிவிடும். அதுவரை பார்ப்பவர் கண்ணுக்கு அது வெள்ளையாகவே தெரியும். பிறகு திடீரென்று சரிந்து விழும்.

வாசகர்களே! இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் வளைந்து கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் வீட்டுக்கு வந்த மருமகள். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மனத்தாங்கல் வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர். விருந்தினர் வந்தால் கடைசியில் உண்பவர் அவர். தாய்வீட்டுக்குச் செல்லும் நாளைத் தள்ளிப் போடுபவரும் அவர். சில குடும்பங்களில் அவர் மூத்த மகன். இருபது வயதில் வளைகுடா நாட்டுக்குச் சென்று, இரு தங்கைகளுக்குத் திருமணம் முடித்து, தம்பியைப் படிக்க வைத்து, தனக்கென ஒரு சுவரும் எழுப்பாமல் தலை நரைத்துப் போனவர். இன்னும் சில இடங்களில் அவர், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தன் படிப்பை நிறுத்திய மகள்.

இவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் கூலி தருவான்' என்கிறோம். உண்மைதான், தருவான். ஆனால் அந்த அறிவுரையை யாரிடம் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோமா? எப்போதும் வளைந்து கொடுப்பவரிடமே பொறுமையைப் போதிக்கிறோம். மோதுகிற பாறையிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர் முகம் சிவந்து காட்டுவதில்லை என்பதால் அவருக்கு வலியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒருநாள் சாதாரணமான ஒரு சொல்லுக்கு அவர் உடைந்து அழும்போது, 'இந்தச் சின்ன விஷயத்துக்கா?' என்று வியக்கிறோம். ஒடித்தது அந்தச் சொல் அன்று. அதற்கு முன் பத்தாண்டுகளாகச் சேர்ந்த கணக்கு.

அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபிகளார் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் வினவினார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அந்த உதவி என்று அண்ணலார் விளக்கினார்கள். ஆகவே, ஸப்ரைப் பற்றிப் பேசும் நாவுக்கு, மோதுபவரின் கையைப் பிடித்து நிறுத்தும் கடமையும் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் கடைசி வசனத்தை நம்மில் பலர் இரவுதோறும் ஓதுகிறோம். ஆன்மாவின் சக்திக்கு மீறிய சுமையை இறைவன் ஏற்றுவதில்லை என்னும் ஆறுதல் அதில் உள்ளது. படைத்தவனே அளந்து வைக்கும் சுமையை, உடன் வாழும் நாம் அளக்காமல் ஏற்றலாமா?

உலோகத்துக்கும் மனிதருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இயந்திரத்தில் விலை மலிவான உறுப்பே முதலில் வளையுமாறு அமைக்கிறார்கள். குடும்பத்தில் மலிவானவர் என்று எவரும் இல்லை. இங்கே யார் முதலில் வளைய வேண்டும்? ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628 இல் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையைப் பாருங்கள். 'அல்லாஹ்வின் தூதர்' என்னும் சொல்லை ஏட்டில் எழுதக் கூடாது என்று குறைஷியரின் தூதர் ஸுஹைல் மறுத்தார். எழுதிய அலீ (ரலி) அவர்களுக்கு அதனை அழிக்க மனம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அதனை அழித்தார்கள். உடனிருந்த தோழர்கள் துயரத்தில் ஆழ்ந்தனர். ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் ஒரு பெரும் போரைத் தடுத்தது. இரண்டே ஆண்டுகளில் மக்கா நகரின் வாயில்கள் திறந்தன. அன்று வளைந்து கொடுத்தவர் கூட்டத்தில் எளியவர் அல்லர், தலைவர். வீட்டிலும் அண்ணலார் குடும்பத்தாரின் பணிகளில் பங்கு கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வலிமையும் அதிகாரமும் யாரிடம் உள்ளனவோ, அவரே முதலில் வளைய வேண்டும் என்பது நம் மார்க்கம் காட்டும் முறை.

ட்ரயல்ஸ் ஓட்டுபவர்கள் தம் லீவரை எவ்வாறு பேணுகிறார்கள் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். புறப்படும் முன் அந்த ஒற்றை போல்ட்டைத் தொட்டு இறுக்கம் பார்ப்பார்கள். தளர்ந்திருந்தால் லீவரின் மென்மையான பற்கள் தேய்ந்துவிடும். நம் வீட்டிலும் தினம் ஒருமுறை 'இன்று எப்படி இருந்தது?' என்று கேட்பது அத்தகைய சிறு வேலைதான். மடியும் முனையின் ஸ்பிரிங்கில் சேறு அடையாமல் கழுவி வைப்பார்கள். மடிந்தது மீள வேண்டுமே! மருமகளுக்குத் தாய்வீட்டில் நான்கு நாட்களும், உழைத்துக் களைத்த மகனுக்குக் கணக்குக் கேட்காத ஒரு விடுமுறையும் அந்த ஸ்பிரிங்கைப் போன்றவை. இருமுறை வளைந்த லீவரை மூன்றாம் முறை நம்பமாட்டார்கள். மாற்று லீவர் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்வார்கள். வீட்டில் மனிதரை மாற்ற முடியாது, முறையை மாற்றலாம். இதுவரை ஒருவரே சுமந்ததை இனிமேல் இன்னொருவர் சுமக்கலாம்.

இந்த இதழை மூடி வைத்ததும், உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பெயர் மனத்தில் உடனே தோன்றும். அவரிடம் இன்று பொறுமையைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் செய்யும் வேலைகளில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துச் செய்யுங்கள். அந்த ஒருவர் நீங்களே என்றால், 'எனக்கு வலிக்கிறது' என்று உரியவரிடம் சொல்வது ஸப்ருக்கு எதிரானது அன்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். யாகூப் நபி (அலை) அவர்களும் தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அழுதழுது கண்கள் வெளுத்தன. ஆயினும் அவர்களுடைய பொறுமை அழகிய பொறுமையாகவே இருந்தது.

வளைந்து கொடுக்கும் பண்பையும், வளைந்தவரை நிமிரச் செய்யும் பண்பையும் அல்லாஹ் நம் இல்லங்களில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.